பிள்ளைகளின் திரைநேரத்தை அளப்பது எப்படி? புதிதாக ஆய்வில் இறங்குவோருக்கு

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் திரை பார்க்கிறாய்?" வினாத்தாளில் இந்த ஒரு கேள்வியைச் சேர்த்து, வரும் விடையைத் 'திரைநேரம்' என்று அட்டவணையில் போட்டுவிடுவதுதான் புதிதாக வருபவர்களின் வழக்கம். தொலைக்காட்சி ஓடும் அறையில் உட்கார்ந்து, கைபேசியில் தோழியோடு அரட்டை அடித்துக்கொண்டே மடிக்கணினியில் வீட்டுப்பாடம் செய்யும் 14 வயதுப் பெண் இதற்கு என்ன பதில் சொல்வாள்? ஒரு மணி நேரமா, மூன்று மணி நேரமா? அவள் எதைச் சொன்னாலும் அது சரியாகவும் இருக்கும், தவறாகவும் இருக்கும். கேள்வியிலேயே கோளாறு இருந்தால், எத்தனை ஆயிரம் பிள்ளைகளிடம் கேட்டாலும் அது தீராது.

அளப்பதற்குப் பல கருவிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றைத் தவறவிடும். உங்கள் ஆய்வுக்கு எதைத் தவறவிட்டால் பாதகமில்லை என்று தெரிந்து தேர்ந்தெடுப்பதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது.

1. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

திரைப் பயன்பாட்டில் ஐந்து விஷயங்களை அளக்கலாம்: எவ்வளவு நேரம், எந்த நேரத்தில், என்ன பார்த்தார்கள், யாரோடு பார்த்தார்கள், விட முடியாமல் தவிக்கிறார்களா. ஐந்தையும் ஒரே கருவி அளக்காது.

தூக்கத்தைப் பற்றிய ஆய்வு என்றால் மொத்த நேரம் பெரிதாக உதவாது. படுக்கைக்கு முந்தைய இரண்டு மணி நேரமும் படுக்கையில் கழிந்த நேரமும்தான் வேண்டும். இரண்டு வயதுக் குழந்தையின் பேச்சு வளர்ச்சி என்றால், யாரும் பார்க்காமல் பின்னணியில் ஓடும் தொலைக்காட்சியையும், பெரியவர் கூட உட்கார்ந்து பேசிக்கொண்டே பார்த்தாரா என்பதையும் அளந்தாக வேண்டும். பதின்பருவத்தினரின் மனநலம் என்றால், கணக்குப் பாடக் காணொளி பார்த்த ஒரு மணி நேரமும் கேலிப் பதிவுகளைப் படித்த ஒரு மணி நேரமும் ஒரே எண்ணாகக் கலந்துவிடக் கூடாது. வாக்கியத்தை எழுதி முடிக்கும்வரை எந்த வினாத்தாளையும் தரவிறக்க வேண்டாம்.

2. எதை எண்ணுவது என்று ஒரு பக்கத்தில் முடிவு செய்யுங்கள்

பள்ளி வேலை சேருமா? திரை அணைந்த நிலையில் கேட்ட பாட்டு? தாத்தா பாட்டியோடு காணொளி அழைப்பு? வகுப்பறையின் பெரிய திரை? அண்ணன் விளையாடும்போது தம்பி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது? ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்று எழுதி வைத்துவிடுங்கள். தரவு வந்த பிறகு முடிவு செய்தால், விரும்பிய விடைக்கு ஏற்ற முடிவை எடுக்கும் ஆபத்து உண்டு.

கடினமானது, ஒரே நேரத்தில் இரண்டு திரை. அமெரிக்காவின் கைசர் குடும்ப அறக்கட்டளை 2010இல் வெளியிட்ட ஆய்வில் 8 முதல் 18 வயதுவரையிலான பிள்ளைகள் ஒரு நாளில் 7 மணி 38 நிமிடம் ஊடகங்களில் செலவிட்டார்கள். ஒன்றோடொன்று சேர்த்துப் பயன்படுத்தியதைத் தனித்தனியாகக் கூட்டியபோது அதுவே 10 மணி 45 நிமிடமாகியது. இரண்டும் சரியான எண்கள். ஒன்று கடிகார நேரம், மற்றது ஊடகங்களின் கூட்டுத்தொகை. உங்கள் எண் இவற்றில் எந்த வகை என்று சொல்லாவிட்டால் வேறொரு ஆய்வோடு ஒப்பிடவே முடியாது.

3. வினாத்தாள்: மலிவானது, ஆனால் கவனம் வேண்டும்

ஆயிரக்கணக்கானவர்களிடம் கேட்க வேண்டுமென்றால் வினாத்தாளைத் தவிர வழியில்லை. அதனால் அதை ஒதுக்கச் சொல்லவில்லை. சரியாக எழுதச் சொல்கிறோம்.

'வழக்கமாக எவ்வளவு நேரம்' என்று கேட்காதீர்கள். கேட்டால் பிள்ளை மனதுக்குள் ஒரு சராசரி போட வேண்டியிருக்கும். அது பெரியவர்களுக்கே வராது. 'நேற்று' என்று கேளுங்கள். பள்ளி நாள் ஒன்றுக்கும் விடுமுறை நாள் ஒன்றுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். தொலைக்காட்சி நிகழ்ச்சி, காணொளித் தளம், விளையாட்டு, சமூக ஊடகம், செய்தி அனுப்புதல், காணொளி அழைப்பு, பள்ளி வேலை எனச் செயல்வாரியாகப் பிரியுங்கள். சாதனவாரியாகப் பிரித்தால் ஒரே காணொளியைக் கைபேசியில் தொடங்கித் தொலைக்காட்சியில் முடித்தவர் குழம்புவார்.

விடையை மணி, நிமிடம் என்று இரண்டு கட்டங்களில் எழுதச் சொல்லுங்கள். தேர்வுக் கட்டங்கள் கொடுத்தால் உச்சவரம்பு பிரச்சினை வரும். பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை ஆண்டுக்கணக்கில் தொடரும் அமெரிக்காவின் ஏபிசிடி ஆய்வு 9, 10 வயதுப் பிள்ளைகளிடம் முதல் சுற்றில் கேட்டபோது கடைசிக் கட்டம் '4 மணி நேரத்துக்கு மேல்' என்பதே. அதற்கு மேல் 5 மணியும் 9 மணியும் ஒன்றாகிவிடும். அதிகம் பயன்படுத்தும் பிள்ளைகளைப் பற்றித்தான் கவலை என்றால், அவர்களைப் பற்றியே தகவல் இல்லாமல் போகும்.

வாரச் சராசரி போடும்போது பள்ளி நாளை 5ஆலும் விடுமுறை நாளை 2ஆலும் பெருக்கி, கூட்டி, 7ஆல் வகுக்க வேண்டும். பள்ளி நாளில் 150 நிமிடம், விடுமுறை நாளில் 280 நிமிடம் என்றால் வாரச் சராசரி 187 நிமிடம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 215 வரும், அது தவறு. கோடை விடுமுறையில் எடுத்த தரவுக்கு இந்தச் சூத்திரமே பொருந்தாது. ஆகவே தேதியை எப்போதும் பதிவு செய்யுங்கள்.

யாரிடம் கேட்பது? ஏறத்தாழ 8 வயதுக்குக் கீழ் பெற்றோரிடம். 8 முதல் 11 வரை இருவரிடமும். 12 முதல் பிள்ளையிடமே. பதின்பருவப் பிள்ளையின் அறைக்கதவு மூடிய பிறகு நடப்பது பெற்றோருக்குத் தெரியாது. சிறு பிள்ளைகளின் பெற்றோருக்கு வேறொரு சிக்கல்: பரிந்துரை வரம்பு அவர்களுக்குத் தெரியும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் 2 முதல் 4 வயதுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றது. இதைக் கேள்விப்பட்டவர் தம் விடையை அந்த எண்ணை நோக்கி நகர்த்துவது இயல்பு. வினாத்தாளில் 'அதிகப்படியான', 'ஆரோக்கியமான' போன்ற சொற்களும் பரிந்துரைகளும் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பிழை வரும்? சொன்ன நேரத்தையும் கருவி பதிந்த நேரத்தையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் 'நேச்சர் ஹியூமன் பிஹேவியர்' இதழில் வந்த பகுப்பாய்வில், இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பது; முழுதாகச் சேர்ந்தால் 1) 0.38 மட்டுமே. விட முடியாத பயன்பாட்டை அளக்கும் வினாத்தாள்களுக்கும் பதிவான நேரத்துக்கும் அது இன்னும் குறைவு, 0.25. வினாத்தாளை மட்டும் நம்பி நிமிடக் கணக்கில் முடிவு சொல்பவர்கள் இந்த எண்ணை மறக்கக் கூடாது.

4. நேரக் குறிப்பேடு

ஒரு நாளை முழுக்க, செய்தவற்றை வரிசையாக எழுதும் முறை. நாளுக்கு 24 மணி நேரம்தான் என்ற வரம்பு இதில் தானாகவே காக்கப்படுகிறது. ஒரே தலைமுறைப் பிள்ளைகளைச் சிறு வயதிலிருந்து தொடரும் பிரிட்டனின் மில்லேனியம் கோஹார்ட் ஆய்வு 2015இல் 14 வயதினருக்குக் கொடுத்த குறிப்பேடு நல்ல முன்மாதிரி. காலை 4 மணி முதல் மறுநாள் காலை 4 மணிவரை, 44 செயல் குறியீடுகள், வார நாள் ஒன்று, வார இறுதி நாள் ஒன்று. காகிதத்திலும் இணையத்திலும் 10 நிமிடக் கட்டங்கள். செயலோடு இடம், கூட இருந்தவர், எவ்வளவு பிடித்தது என்பதையும் குறித்தார்கள். நள்ளிரவு 12க்குப் பதில் 4 மணியில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு: நள்ளிரவைத் தாண்டும் பயன்பாடு இரண்டு நாளாக உடையாமல் ஒரே இரவாகக் கிடைக்கும்.

இதன் பலவீனம், 30 நொடி எட்டிப் பார்ப்பவை. கைபேசிப் பயன்பாட்டில் பெரும்பகுதி அப்படித்தான். 10 நிமிடக் கட்டத்தில் அது விழாது. 'வேறு எதைச் செய்துகொண்டே' என்று இரண்டாவது நெடுவரிசை வையுங்கள், ஓரளவு மீட்கலாம். நிரப்ப வேண்டிய நாளை நீங்களே குறித்துக் கொடுங்கள். பிள்ளையின் விருப்பத்துக்கு விட்டால் வெட்டியாக இருந்த நாளைத் தேர்ந்தெடுப்பார்கள். அடுத்த நாள் மாலைக்குள் நிரப்பிய குறிப்பேட்டை வாங்கிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து நிரப்பியது நினைவுக் குறிப்பல்ல, ஊகம்.

5. கைபேசியே காட்டும் கணக்கு

2018 முதல் ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்', ஆண்ட்ராய்டில் 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்ற பகுதிகள் உள்ளன. பிள்ளை அதைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் போதும். எதையும் நிறுவ வேண்டாம். குறைந்த செலவில் கருவிப் பதிவு வேண்டுமென்றால் நாங்கள் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

முன்கூட்டியே அந்தப் பகுதி இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அணைத்து வைத்திருந்த காலத்துக்குத் தரவு இருக்காது. ஐபோனில் 'எல்லாச் சாதனங்களிலும் பகிர்' என்ற தெரிவு இயங்கினால், ஐபேடும் மடிக்கணினியும் சேர்ந்த கூட்டுத்தொகை வரும். சாதனப் பட்டியலில் அந்தக் கைபேசியை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். இன்றைய நாள் முடியவில்லை, ஆகவே நேற்று வரையிலான 7 நாள்களை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். செயலிப் பட்டியலை முழுதாக விரித்துக் கடைசிவரை உருட்டி, பல படங்களாக எடுக்க வேண்டும். எடுக்கும் விதத்தைப் படம் போட்ட ஒரு தாளாகத் தயாரித்துக் கொடுங்கள். வாய்வழி விளக்கம் போதாது. ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது மேலே விழும் செய்தி அறிவிப்புகளில் அடுத்தவர் பெயரும் வரிகளும் பதிவாகும். 'தொந்தரவு செய்யாதே' நிலையை முதலில் இயக்கச் சொல்வது இதற்காகவே.

படத்திலிருந்து எண்ணைத் தட்டச்சு செய்ய இருவர் தனித்தனியாக உழைக்க வேண்டும். '1 ம 7 நி' என்பதை 17 நிமிடமாக்கும் பிழை, நாம் எதிர்பார்ப்பதைவிட அதிகம் நடக்கும்.

6. பதிவுச் செயலி

ஆண்ட்ராய்டு 5.0 முதல், எந்தச் செயலி எப்போது முன்னால் வந்தது, எப்போது போனது என்ற வரிசையைப் பயனரின் அனுமதியோடு இன்னொரு செயலி படிக்கலாம். அனுமதியை அமைப்புகளுக்குள் போய் 'பயன்பாட்டு அணுகல்' என்ற இடத்தில் கையால்தான் தர வேண்டும். இயங்குதளம் இந்த வரிசையைச் சில நாள்களே வைத்திருக்கும். எனவே தினமும் எடுத்துச் சேமிக்க வேண்டும். ஐபோனில் ஆப்பிள் இந்த மூல வரிசையை வெளிச் செயலிகளுக்குத் தருவதில்லை. ஆண்ட்ராய்டு குடும்பங்களை மட்டும் சேர்த்தால் உங்கள் மாதிரி ஒருபக்கம் சாயும்; ஐபோன்காரர்களுக்கு முந்தைய ஸ்கிரீன்ஷாட் முறையைக் கொடுத்து, இரண்டு தரவையும் குறியீட்டால் பிரித்து வையுங்கள்.

பெரிய சிக்கல்: யார் கையில் இருந்தது? 2020இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்த ஆய்வு, 3 முதல் 5 வயதுக் குழந்தைகளின் 346 குடும்பங்களில் ஆண்ட்ராய்டுக்கு இம்முறையையும் ஐபோனுக்கு ஸ்கிரீன்ஷாட்டையும் பயன்படுத்தியது. தனக்கென்று சாதனம் வைத்திருந்த குழந்தைகளின் தினசரிச் சராசரி 115 நிமிடம். பெற்றோர் சொன்னதை ஒப்பிட்டபோது, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டோர் குறைத்தும், கிட்டத்தட்ட அதே அளவினர் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். பெற்றோர் எப்போதும் குறைத்தே சொல்வார்கள் என்று நினைத்து ஒரே விகிதத்தில் திருத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பகிர்ந்து பயன்படுத்தும் கைபேசி என்றால், தினமும் இரவு பெற்றோர் அன்றைய செயலிப் பட்டியலில் குழந்தை பயன்படுத்தியவற்றைக் குறிக்க ஒரு சிறு படிவம் கொடுங்கள். திறக்கும்போதே 'யார்?' என்று கேட்கும் பதிவுச் செயலிகளும் உண்டு. நான்கு நாள்களில் சலிப்புத் தட்டி ஒரே பொத்தானை அழுத்தத் தொடங்குவார்கள் என்பதால் இடையிடையே சரிபார்க்க வேண்டும்.

அடுத்தது, மின்கலத்தைச் சேமிக்க இயங்குதளம் பின்னணிச் செயலிகளைக் கொன்றுவிடும். அந்த இடைவெளியில் தரவு பூஜ்யமாகத் தெரியும். பிள்ளை தொடவில்லையா, செயலி இறந்துவிட்டதா? இதைப் பிரித்தறிய, செயலி ஒவ்வொரு மணி நேரமும் 'உயிரோடு இருக்கிறேன்' என்று ஒரு குறி பதியட்டும். குறி இல்லாத மணி, பூஜ்யமல்ல; விடுபட்ட தரவு. நிறுவும் நாளிலேயே மின்கலச் சேமிப்பு விதிவிலக்குப் பட்டியலில் செயலியைச் சேர்த்துவிடுங்கள். கண்காணிப்பில் இருப்பது தெரிவதால் முதல் நாள் நடத்தை மாறும்; அந்த நாள் பாதி நாளும்கூட. அதை எப்படியும் கழித்துவிடுங்கள்.

7. படங்களும் கேமராவும்

நேரம் போதாது, உள்ளடக்கம் வேண்டும் என்பவர்களுக்கு ஸ்டான்ஃபோர்டில் உருவான 'ஸ்கிரீனோமிக்ஸ்' முறை வழிகாட்டுகிறது: சாதனம் இயங்கும்போதெல்லாம் 5 நொடிக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட். நாளுக்கு 4 மணி நேரப் பயன்பாடு என்றால் ஒரே பிள்ளையிடமிருந்து 2,880 படங்கள். சேமிப்பகம், மறைகுறியாக்கம், படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் கணினித் திறன் மூன்றும் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

உடலில் அணியும் கேமரா எல்லாத் திரைகளையும் பிடிக்கும். நியூசிலாந்தின் 'கிட்ஸ்கேம்' ஆய்வில் 12 வயதை ஒட்டிய 168 பிள்ளைகள் வியாழன் முதல் ஞாயிறுவரை 7 நொடிக்கு ஒரு படம் எடுக்கும் கேமராவை அணிந்தார்கள். அதே நாட்டில் 2024இல் வந்த தூக்க ஆய்வில், 11 முதல் 14 வயதுவரையிலான 79 பேருக்கு மார்பில் ஒரு கேமராவும் படுக்கையறையில் ஓர் அகச்சிவப்புக் கேமராவும் வைத்தார்கள். படுத்த பிறகு நடப்பதை வினாத்தாளால் பிடிக்கவே முடியாது என்பதால் அந்த உழைப்பு தகும். முதல் ஆய்வாக இதை யாரும் எடுக்க வேண்டாம்.

8. விட முடியாத பயன்பாடு வேறு அளவு

நேரத்தை வைத்து 'அடிமை' என்று சொல்லாதீர்கள். அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் நோய்க் கையேடான டிஎஸ்எம்–5 (2013) இணைய விளையாட்டுக்கு வைத்த 9 அளவுகோல்களில், 12 மாதத்தில் 5 இருந்தால்தான் கவலை. அவற்றில் ஒன்றுகூட மணிக் கணக்கு அல்ல. கட்டுப்பாடு இழத்தல், மறைத்துப் பொய் சொல்லுதல், உறவோ படிப்போ பாதிக்கப்படுதல் போன்றவை. 4 முதல் 11 வயதுக்குப் பெற்றோர் நிரப்பும், சிக்கலான ஊடகப் பயன்பாட்டை அளக்கும் பிஎம்யூஎம் என்ற அளவுகோலின் 27 கேள்விப் பதிப்பும் 9 கேள்விச் சுருக்கமும் உண்டு. எந்த அளவுகோலையும் மொழிபெயர்த்தால், இருவர் தனித்தனியே மொழிபெயர்த்து, மூன்றாமவர் திரும்ப மூலமொழிக்கு மாற்றி, பிறகு பத்துப் பிள்ளைகளிடம் ஒவ்வொரு கேள்வியையும் 'இது என்ன கேட்கிறது?' என்று விளக்கச் சொல்லுங்கள். பொருள் பிசகுவது அங்கேதான் தெரியும்.

9. ஒப்புதலும் முன்னோட்டமும்

பெற்றோரின் எழுத்து ஒப்புதல் மட்டும் போதாது. பிள்ளையின் இசைவும் வேண்டும். பிள்ளை 'வேண்டாம்' என்றால் பெற்றோர் சம்மதித்தாலும் நிறுத்துங்கள். எந்தெந்தத் தரவு போகும், எது போகாது என்பதை அவரவர் கைபேசியிலேயே திறந்து காட்டுங்கள். பிள்ளையின் தரவைப் பெற்றோரிடம் காட்ட மாட்டோம் என்று உறுதி கொடுங்கள். அதே மூச்சில், உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் யாரிடம் சொல்வோம் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். கேமராவும் ஸ்கிரீன்ஷாட்டும் அடுத்தவர் முகத்தையும் செய்தியையும் பிடிக்கும். நெறிமுறைக் குழு அதைத்தான் முதலில் கேட்கும்.

பிறகு 10 குடும்பங்களில் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். வெவ்வேறு தயாரிப்பு, வெவ்வேறு பழமை கொண்ட கைபேசிகளாக இருக்கட்டும்.

10. தரவைச் சுத்தம் செய்தல்

இங்கே நிதானம் வேண்டும். திறந்த குறி இருந்து மூடிய குறி இல்லாத அமர்வை, திரை அணைந்த கணத்தில் முடியுங்கள். முகப்புத் திரை, பூட்டுத் திரை, விசைப்பலகை ஆகியவற்றைச் செயலிப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். இசையைப் பின்னணியில் கேட்டது பதிவில் வராது என்பதையும், வரைபடத்தைத் திறந்து வைத்துப் பயணம் செய்தது மணிக்கணக்கில் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். நேர மண்டலம் மாறிய நாள்களைக் குறியிடுங்கள்.

உடலசைவுமானி ஆய்வுகளின் மரபைப் பின்பற்றி, வார இறுதி நாள் ஒன்றாவது அடங்கிய 4 முழு நாள்கள் இல்லாத பிள்ளையைப் பகுப்பாய்விலிருந்து விலக்கலாம். எத்தனை பேரை விலக்கினீர்கள், அவர்கள் மற்றவர்களிலிருந்து எப்படி வேறுபட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சிலர் மட்டும் மிக அதிகம் பயன்படுத்துவதால் திரைநேரத் தரவு வலப்பக்கம் நீண்டு சாயும். சராசரியோடு இடைநிலை அளவையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) தாருங்கள்.

இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது ஒட்டுறவை மட்டும் காட்டாதீர்கள். எல்லாப் பிள்ளைகளும் உண்மையான நேரத்தில் சரியாகப் பாதியைச் சொன்னால் ஒட்டுறவு 1 வரும். ஆனால் எல்லா விடையும் தவறு. ஒவ்வொருவருக்கும் இரண்டு கருவிகள் காட்டும் வேறுபாட்டை, அந்த இரண்டு அளவுகளின் சராசரிக்கு எதிரே வரையும் பிளாண்ட்–ஆல்ட்மன் படம் இதை உடனே காட்டிவிடும்.

எந்தத் திரை அளவை, எந்த விளைவோடு, எந்த மாறிகளைக் கட்டுப்படுத்திச் சோதிக்கப் போகிறீர்கள் என்பதைத் தரவைத் திறக்கும் முன்பே பதிவு செய்யுங்கள். 2019இல் ஆர்பென், சிபில்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் இருவரும் மூன்று பெரிய தரவுத் தொகுதிகளில் பல்லாயிரம் விதமாகப் பகுத்துப் பார்த்து, தொழில்நுட்பப் பயன்பாடு பதின்பருவத்தினரின் நலத்தில் உள்ள வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தையே விளக்குகிறது என்று காட்டினார்கள். ஒரே தரவில் பாதை மாறினால் முடிவு எவ்வளவு மாறும் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

அறிக்கையில் எழுத வேண்டியவை: கேட்ட கேள்வியின் சொற்கள் அப்படியே, தரவு எடுத்த மாதங்கள், கைபேசி வகைகள், ஒரு நாள் எந்த மணியில் தொடங்கியது, ஒரே நேரத்தில் இரண்டு திரை பார்த்தது எப்படிக் கூட்டப்பட்டது, எந்தச் செயலி எந்த வகையில் சேர்ந்தது. வகைப்படுத்திய அட்டவணையை இணைப்பாகக் கொடுங்கள். மூலப் படங்களையும் பெயர்ப் பட்டியலையும் தனித்தனிக் கணினிகளில் வையுங்கள். ஒப்புதல் படிவத்தில் எழுதிக் கொடுத்த தேதியில் படங்களை அழித்து, அழித்ததைப் பதிவேட்டில் குறித்து, குடும்பத்துக்கும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.